ஒரே அலைவரிசையில் உள்குத்தகை: டிஜிட்டல் வானொலியின் துணைச்சேனல்கள் யாருக்குப் போகும்?

2025 அக்டோபரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனியார் டிஜிட்டல் வானொலிக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. அதிலிருந்து ஒரு விஷயம்தான் அதிகம் பேசப்படுகிறது. ஒரு எஃப்.எம். நிலையம் தனக்குக் கொடுத்த ஒரே அலைவரிசையில், இப்போதைய ஒலிபரப்பை நிறுத்தாமலே, இன்னும் மூன்று டிஜிட்டல் ஒலிச் சேனல்களும் ஒரு தரவுச் சேனலும் நடத்தலாம் என்பது அது. இதைப் படித்த மலைக்காரர்களுக்கு உடனே சில கேள்விகள் எழுகின்றன. அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் எஃப்.எம். நிலையமான கொடை பண்பலை நாலாகப் பிரியுமா? அந்தக் கூடுதல் சேனல்களை யாராவது வாடகைக்கு எடுத்து ஜெபக் கூட்டமோ பஜனையோ நாள் முழுக்க ஓட்டலாமா? அமெரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது என்கிறார்களே, வெளிநாட்டுக்காரர்கள்கூட இடம் பிடிக்கிறார்களாமே?

அமெரிக்காவைப் பற்றிச் சொல்வது உண்மை. இங்கே நாளைக்கே அப்படி நடக்காது என்பதும் உண்மை. இரண்டுக்கும் காரணம் புரிய அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

துணைச்சேனல் என்பது என்ன

ரேடியோவை 100.5இல் வைத்தால் கொடை பண்பலை கேட்கிறது. அந்த எண் ஒரு புள்ளிபோலத் தெரிந்தாலும் உண்மையில் அது ஒரு பட்டை. நிலையத்தின் அலை அந்த எண்ணுக்கு இரு பக்கமும் கொஞ்சம் விரிந்து கிடக்கும். இரண்டு நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமலிருக்க நடுவே இடம் விடுவார்கள். இந்தியாவில் ஒரே நகரத்தின் தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கு நடுவே 800 கிலோஹெர்ட்ஸ் விட்டிருக்கிறார்கள்.

இந்த ஓரங்களில்தான் டிஜிட்டல் அலை நுழைகிறது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். நிலம் அதேதான், மரமும் அதேதான். காப்பிக்கும் பாதகமில்லை. அந்த மிளகை மட்டும் தனியாகக் குத்தகைக்கு விடவும் செய்யலாம். எஃப்.எம். ஒலிபரப்பு காப்பி என்றால், அதன் ஓரத்தில் படரும் டிஜிட்டல் அலை மிளகு.

அமெரிக்கா இதற்குப் பயன்படுத்தும் முறையின் பெயர் ஹெச்டி ரேடியோ. அந்நாட்டின் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2002இல் இதற்கு அனுமதி கொடுத்தது. அதில் டிஜிட்டல் அலை நடு எண்ணிலிருந்து 129 முதல் 198 கிலோஹெர்ட்ஸ் வரை தள்ளி, இரு பக்க ஓரங்களிலும் உட்காருகிறது. அந்த அலைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அடைக்கலாம். முதலாவது ஹெச்டி1. வழக்கமான எஃப்.எம்.மில் ஓடுவதேதான் அதிலும் ஓடும். அடுத்தடுத்து வருபவை ஹெச்டி2, ஹெச்டி3, ஹெச்டி4. இவைதான் துணைச்சேனல்கள். இவற்றில் என்ன ஓடும் என்பது நிலையத்தின் முடிவு.

நம் அகில இந்திய வானொலி மீடியம் வேவில் டி.ஆர்.எம். என்ற வேறொரு முறையைத் தேர்ந்தெடுத்து, 35 மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை அதற்கு ஏற்ப அமைத்திருக்கிறது. எஃப்.எம். பட்டையிலும் டி.ஆர்.எம். ஓடும். 96 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் நான்கு சேவைகள் வரை அதில் கொள்ளும். டிராய் சொல்வது நாடு முழுக்க ஒரே தொழில்நுட்பம் இருக்க வேண்டும் என்பது. இரண்டு முறைகளை ஓடவிட்டால் ரேடியோப் பெட்டி வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்வார் என்பதால் அது சரியான நிலைப்பாடு.

இடம் எவ்வளவு, பங்கு எவ்வளவு

டிஜிட்டலில் இடத்தை கிலோபிட் கணக்கில் அளக்கிறார்கள். ஹெச்டி ரேடியோவின் சாதாரண அமைப்பில் ஒரு நிலையத்துக்கு மொத்தம் சுமார் 96 கிலோபிட் கிடைக்கும், நொடிக்கு. எத்தனை சேனல் வைத்தாலும் இந்த 96ஐத்தான் பங்கு போட வேண்டும்.

1. ஹெச்டி1க்கு 48, ஹெச்டி2க்கு 48 என்று பிரித்தால் இரண்டிலும் பாட்டு நன்றாகவே கேட்கும்.

2. மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தால் 48, 24, 24 என்று ஆகலாம். 24 கிலோபிட்டில் பேச்சு தெளிவாக இருக்கும். நாதஸ்வரமோ வயலினோ கேட்டால் தகரம் தட்டியதுபோல மெலிந்துவிடும்.

3. நான்காவது ஆள் வந்தால் இன்னும் நெருக்கம்.

பிரசங்கம், உபன்யாசம், செய்தி, பேட்டி இவற்றுக்குக் குறைந்த இடமே போதும். வாடகைக்கு வருகிறவர்களில் பேச்சு ஒலிபரப்பாளர்கள் நிறைய இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

பேசிக்கொண்டே இருக்கும்போது மௌனமாகிவிடும் பெட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குக் காரில் ஏறும்போது கோவை எஃப்.எம். கேட்டுக்கொண்டே வந்தால் ஒன்று கவனிக்கலாம். சமவெளியைப் பார்த்த வளைவில் பாட்டு கணீரென்று இருக்கும். வண்டி மலையின் உள்பக்கம் திரும்பியதும் இரைச்சல் ஏறும், பாட்டு அடியில் எங்கோ ஓடும். அடுத்த வளைவில் மீண்டும் தெளியும். இந்த வழக்கமான எஃப்.எம். அலைக்கு அனலாக் என்று பெயர். அது தேய்ந்து தேய்ந்துதான் போகும். இரைச்சலுக்கு நடுவிலும் காது பாட்டைப் பிடித்துக்கொள்ளும்.

டிஜிட்டல் அப்படியில்லை. ஒரு அளவு வரை கண்ணாடிபோலக் கேட்கும். அதற்குக் கீழே அலை இறங்கினால் ஒன்றுமே இருக்காது. ஹெச்டி1இல் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. டிஜிட்டல் அறுந்தால் அதே நிகழ்ச்சி ஓடும் அனலாக் ஒலிக்குப் பெட்டி தானாகவே தாவிவிடும். ஹெச்டி2க்கு அனலாக்கில் ஜோடி கிடையாது, அதனால் தாவ இடமில்லை. அலை அறுந்த நொடியிலேயே மௌனம். டிஜிட்டல் பகுதியின் சக்தியும் குறைவு. தொடக்கத்தில் அனலாக் சக்தியில் 1 சதவீதம் மட்டுமே அனுமதித்தார்கள். 2010இல்தான் 10 சதவீதம் வரை உயர்த்த வழி செய்தார்கள்.

வாடகைக்கு வருகிறவருக்குக் கிடைப்பது இந்த இரண்டாம் தர இடம்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நிலையத்தின் அனலாக் ஒலி எட்டும் தூரம் வேறு, துணைச்சேனல் எட்டும் தூரம் வேறு. ஒப்பந்தம் பேசும்போது முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பது எளிது.

டிஜிட்டலின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். பாறைச் சரிவில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி அலை அனலாக் எஃப்.எம்.மைக் கலைத்துவிடும். டிஜிட்டல் முறைகள் சிறிது தாமதமாக வரும் எதிரொலியைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பள்ளத்தாக்குகளில் சிறு சிறு டிரான்ஸ்மிட்டர்களை வைத்து, எல்லாவற்றையும் ஒரே எண்ணில் ஓட்டவும் டி.ஆர்.எம். இடம் கொடுக்கிறது. மலைக்கு இது உண்மையிலேயே பெரிய வசதி.

அமெரிக்காவில் ஏன் வாடகைக்கு விடுகிறார்கள்

துணைச்சேனல் நடத்த நிலையங்கள் ஒவ்வொரு முறையும் தனி அனுமதி கேட்க வேண்டாம் என்று எஃப்.சி.சி. 2007இல் சொன்னது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தது. அனலாக்குக்குக் குறையாத தரத்தில் ஒரு டிஜிட்டல் சேனலாவது இலவசமாக இருக்க வேண்டும். மற்ற இடத்தை நிலையங்கள் தங்கள் விருப்பப்படி பயன்படுத்தலாம்.

அங்கே குத்தகைச் சந்தை உருவானதற்குக் காரணங்கள் இவை:

1. டிஜிட்டல் கருவிக்கு நிலையம் ஏற்கெனவே பணம் போட்டுவிட்டது. ஹெச்டி3 சும்மா கிடக்கிறது. அதில் ஓட்ட நிகழ்ச்சி தயாரிக்க ஆள் போட வேண்டும், விளம்பரம் பிடிக்க ஆள் போட வேண்டும். யாராவது மாதாமாதம் வாடகை கொடுத்து, நிகழ்ச்சியையும் கொண்டுவந்தால் செலவில்லாத வருமானம்.

2. பெரிய நகரங்களில் புதிய எஃப்.எம். உரிமத்துக்கு இடமே இல்லை. இருப்பதை வாங்க வேண்டுமென்றால் கோடிக்கணக்கில் வேண்டும். கொரிய மொழியிலோ வியட்நாமிய மொழியிலோ பஞ்சாபியிலோ ஒலிபரப்ப விரும்பும் சிறு நிறுவனத்துக்கு அது எட்டாத தொகை.

3. அந்த மொழிக்காரர்களுக்கு நகரம் முழுக்க நேயர்கள் தேவையில்லை. தங்கள் மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எந்தக் கடைக்குப் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சேனலின் பெயர் ஒருவர் வாய் மூலமாக இன்னொருவருக்குப் போய்விடும்.

4. மத ஒலிபரப்பாளர்கள் பெரும்பாலும் விளம்பரத்தை நம்புவதில்லை, நேயர்களின் காணிக்கையை நம்புகிறார்கள். ஆயிரம் பேர் மனதார மாதம் ஒரு தொகை கொடுத்தால் வாடகை கட்டிவிடலாம். லட்சம் பேர் அரை மனதோடு கேட்பதைவிட அது அவர்களுக்கு மேல்.

இது முழுக்கப் புதிய பழக்கமும் அல்ல. 1955இலேயே எஃப்.எம். அலையின் உள்ளே ஒரு துணை ஊர்தி அலையை ஏற்றி வேறு நிகழ்ச்சி அனுப்ப அங்கே அனுமதி கிடைத்தது. அதில் கடைகளுக்கான பின்னணி இசை ஓடியது. பார்வையற்றோருக்கு நாளிதழ் வாசிக்கும் சேவை ஓடியது. புலம்பெயர்ந்தோரின் மொழி நிகழ்ச்சிகளும் ஓடின. ஆனால் அதைக் கேட்கத் தனிப் பெட்டி வேண்டும், சாதாரண ரேடியோவில் வராது. ஹெச்டி2 வந்தபோது பழைய குடித்தனக்காரர்களுக்குப் புது வீடு கிடைத்ததுபோல ஆயிற்று. ஹெச்டி ரேடியோ வசதி காரிலேயே வர ஆரம்பித்தது பெரிய மாற்றம்.

அப்புறம் ஒரு திருப்பம். ஒரு நிலையத்தின் ஒலியை எடுத்து வேறொரு எண்ணில் மறு ஒலிபரப்பு செய்யும் சிறு டிரான்ஸ்மிட்டர்கள் அமெரிக்காவில் உண்டு. அதிகபட்சம் 250 வாட். மூல நிலையத்தின் அலை சரியாக விழாத பகுதிகளுக்காக வந்தவை இவை. இவற்றில் ஹெச்டி2இன் ஒலியையும் எடுத்து ஓட்டலாம் என்று ஆனதும், யார் வீட்டிலும் இருக்கும் பழைய அனலாக் ரேடியோவிலேயே அந்தத் துணைச்சேனல் கேட்க ஆரம்பித்தது. கேட்பவருக்கு அது ஒரு புது எஃப்.எம். நிலையம். சட்டத்தின் கண்ணில் அது இன்னொரு நிலையத்தின் ஹெச்டி2க்கு வெறும் ரிலே. வாடகை கொடுக்கிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இந்த ரிலேதான். ஹெச்டி2 அதற்கு ஒரு கதவு.

இந்தக் குறுக்கு வழி எனக்கு உறுத்துகிறது. டிஜிட்டல் என்ற பெயரில் கொடுத்த சலுகை அனலாக்கில் புது நிலையம் தொடங்கும் வழியாக மாறிவிட்டது. ஆனால் அந்த வழி இல்லையென்றால் பல சிறு மொழிச் சமூகங்களுக்கு வானொலியே இருந்திருக்காது. இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

பட்டா யார் பெயரில், பொறுப்பும் அவர் மேல்

மிளகைக் குத்தகைக்கு விட்டாலும் தோட்டத்தின் பட்டா மாறாது. அமெரிக்கச் சட்டமும் அப்படித்தான். துணைச்சேனலில் யார் பேசினாலும், சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் உரிமம் வைத்திருப்பவர். ஒரு நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு துணைச்சேனலிலும் நிலையத்தின் அடையாளப் பெயரைச் சொல்ல வேண்டும். அவசர எச்சரிக்கைகள் துணைச்சேனல்களிலும் வர வேண்டும்.

காகிதத்தில் இது தெளிவாக இருக்கிறது. நடைமுறையில், வாடகை மாதாமாதம் வந்துகொண்டிருக்கும்போது, தனக்குப் புரியாத மொழியில் என்ன பேசப்படுகிறது என்று எத்தனை உரிமையாளர்கள் உட்கார்ந்து கேட்பார்கள்?

இந்தக் கேள்வி வெளிநாட்டு அரசுகள் விஷயத்தில்தான் பெரிதாக வெடித்தது. 2017இல் வாஷிங்டன் வட்டாரத்தில் 105.5 என்ற ரிலே எண்ணில் ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசை ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த ஜூலையில் அதே எண்ணில் ரஷ்ய அரசின் ஸ்புட்னிக் வானொலி வந்தது. எண்ணைத் திருப்பாமலே உட்கார்ந்திருந்த நேயருக்கு மலைப் பாட்டு போய் மாஸ்கோவின் குரல் வந்த கதை அது.

2021 ஏப்ரலில் எஃப்.சி.சி. ஒரு விதி கொண்டுவந்தது. வெளிநாட்டு அரசோ அதன் சார்பாளரோ வாடகைக்கு எடுத்த நேரத்தில் நிகழ்ச்சி நடத்தினால், பணம் கொடுப்பது எந்த நாட்டு அரசு என்று நேயர்களுக்கு ஒலியிலேயே அறிவிக்க வேண்டும். வாடகைதாரர் சொல்வது உண்மைதானா என்று நிலையங்களே அரசுப் பட்டியல்களில் தேடிப் பார்க்க வேண்டும் என்ற பகுதியை 2022 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவிக்கும் கடமை நின்றது. தடை செய்யவில்லை, யார் பேசுகிறார் என்று சொல்லிவிட்டுப் பேசு என்பதுதான் அந்நாட்டின் அணுகுமுறை.

பிரிட்டன் வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே டேப் (DAB) என்ற டிஜிட்டல் வானொலி முறையில் ஒரு நிறுவனம் 1.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பெரிய அலைத் தொகுப்பை எடுத்து, அதை 864 அலகுகளாகப் பிரித்து நிலையங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. கட்டடம் ஒருவருடையது, ஒவ்வொரு கடைக்கும் தனி உரிமம். நிகழ்ச்சிக்குப் பொறுப்பு அந்தந்தக் கடைக்காரர். மத நிலையங்களும் அதில் உண்டு. பொறுப்பு தெளிவாகப் பிரிந்திருப்பதால் எனக்கு இது அமெரிக்க முறையைவிட நேர்மையாகப் படுகிறது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது

1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம், அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அப்படியென்றால் எஃப்.எம். நிலையம் வைத்திருப்பவரும் பட்டாதாரர் அல்ல, அரசு நிலத்தில் குத்தகைதாரர்தான். அவர் துணைச்சேனலை இன்னொருவருக்குக் கொடுத்தால் அது உள்குத்தகை. நீலகிரியில் குத்தகை நிலத்தின் வழக்குகளைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும்.

தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கான அரசின் மூன்றாம் கட்டக் கொள்கை 2011இல் வந்தது. அதன்படியும் அதற்கு முந்தைய இரண்டாம் கட்ட விதிகளின்படியும் நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் விஷயங்கள் இவை:

1. மத அமைப்பால் நடத்தப்படும் அல்லது மத அமைப்போடு தொடர்புள்ள நிறுவனம் எஃப்.எம். உரிமத்துக்குப் போட்டியிட முடியாது. அரசியல் அமைப்புக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் இதே தடை.

2. உரிமம் பெற்றவர் நீண்டகால ஏற்பாட்டில் தன் மொத்த நிகழ்ச்சியில் பாதிக்கு மேல் வெளியாரிடம் ஒப்படைக்கக் கூடாது. அதிலும் ஒரே தயாரிப்பாளருக்குக் கால் பங்குக்கு மேல் கூடாது. ஒரு துணைச்சேனலை முழுதாக ஒருவருக்கே விடும்போது இந்தக் கால் பங்கை எப்படிக் கணக்கிடுவது? நான்கு சேனல்களில் ஒன்று என்றால் சரியாகக் கால் பங்கு. வழக்கறிஞர்களுக்கு நல்ல வேலை கொடுக்கப்போகும் இடம் இது.

3. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம். ஆகவே வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் துணைச்சேனலில் நுழைய வழியில்லை.

4. வெளிநாட்டு முதலீட்டுக்கு 49 சதவீத வரம்பு உண்டு.

5. அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிமுறையே தனியாருக்கும் பொருந்தும். எந்த மதத்தையும் சமூகத்தையும் தாக்கிப் பேச அதில் இடமில்லை. பக்திப் பாடலுக்குத் தடையில்லை. காலை நேரத்தில் எல்லா நிலையமும் சுப்ரபாதமும் கீதமும் போடுவதைக் கேட்கிறோம்.

இந்த விதிகள் வருவதற்கு முன்பிருந்தே மத ஒலிபரப்பு இங்கே வெளியிலிருந்து வந்தது. இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸ் மீடியம் வேவில் வந்த விஸ்வவாணியின் தமிழ்க் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளைத் தென்மாவட்டங்களில் கேட்காத ஊர் குறைவு. இருட்டிய பிறகு மீடியம் வேவ் அலை வானில் பட்டுத் திரும்பும், கடலெல்லாம் ஒரு தூரமே இல்லை. அதோடு, வெளிநாட்டு ஒலிபரப்பு என்ற சொல்லுக்கு எல்லோருக்கும் ஒரே பொருள் இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களுக்கு இலங்கை வானொலி எப்படி அந்நியமாகும்?

வாடகை என்பதே இந்தியாவுக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. 1993இல் அகில இந்திய வானொலி தன் எஃப்.எம். நேரத்தைத் துண்டு துண்டாகத் தனியார் நிறுவனங்களுக்கு விட்டது. சென்னையிலும் அது நடந்தது. 1998இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இன்றைக்கும் தூர்தர்ஷனின் இலவச டிஷ் மேடையில் சேனல் இடங்களை ஏலம் விடுகிறார்கள், பக்திச் சேனல்களும் அதில் இடம் வாங்குகின்றன. பொது நிறுவனமே தொலைக்காட்சியில் செய்வதை வானொலியில் ஏன் கூடாது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

டிராய் பரிந்துரைக்கு வருவோம். அது சொல்லும் 13 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும்தான் இருக்கிறது. அரசு ஏற்று விதியாக அறிவித்தால்தான் அதற்கும் உயிர். ஆகவே கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இப்போதைக்கு எதுவும் மாறாது.

மலைக்கு இதில் என்ன இருக்கிறது

இப்போதைக்கு மாறாது என்பதால் கவலையில்லை என்று விட்டுவிட முடியாது. மலைக்கு வானொலியில் ஒரு தனி மதிப்பு இருக்கிறது. அது உயரம்.

எஃப்.எம். அலை ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். அதைக் கணக்கிட எளிய வழி உண்டு. டிரான்ஸ்மிட்டரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் நட்டால் 41 கிலோமீட்டர். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். கீழே உள்ள சமவெளியைவிட 1,800 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டாலே 175 கிலோமீட்டர் வருகிறது. கொடை பண்பலையின் 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் மதுரை, திண்டுக்கல், தேனி என்று இத்தனை மாவட்டங்களில் கேட்பதன் ரகசியம் இதுதான். அதே சமயம் முகட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் மலைக்கிராமத்துக்கு, நிலையம் பக்கத்திலேயே இருந்தும், அலை தலைக்கு மேலே போய்விடும்.

இதன் விளைவு என்ன? மலைமேல் இருக்கும் டிரான்ஸ்மிட்டரில் துணைச்சேனல் வாடகைக்கு வந்தால், வாடகை கொடுப்பவர் மலைக்காரர்களுக்காகக் கொடுக்க மாட்டார். கீழே இருக்கும் லட்சக்கணக்கான நேயர்களுக்காகத்தான் கொடுப்பார். அதிகம் கொடுக்கக் கூடியவர் யார் என்பது அமெரிக்க அனுபவத்திலிருந்தே தெரிகிறது: பணபலமுள்ள மத நிறுவனங்களும் வணிகர்களும். மலையின் உயரத்தை எல்லோரும் பயன்படுத்துவார்கள், மலையின் குரல் அதில் இருக்காது.

மலையின் குரல் என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. 2011 கணக்கெடுப்பில் நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு பேசுவோர் ஏறத்தாழ 1.3 லட்சம் பேர். கணக்கெடுப்பு அதைக் கன்னடத்தின் கீழ் ஒரு வரியாக வைத்திருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருக்கும் தங்கள் பேச்சு உண்டு. பழனி மலையில் பளியர்கள் இருக்கிறார்கள். ஊட்டி வானொலி நிலையம் படுகு நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியிருக்கிறது. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் சமூக வானொலியும் இருக்கிறது. ஆனால் சமூக வானொலிக்கு 50 வாட் டிரான்ஸ்மிட்டர்தான் அனுமதி. இரண்டு மலை தாண்டினால் கேட்காது. பொது நிலையத்திலோ படுகுக்கு அரைமணி கொடுத்தால் தமிழில் அரைமணி குறையும், நேரம் ஒன்றுதானே.

இந்த முட்டுக்கட்டையை உடைக்கும் கருவியாகத்தான் துணைச்சேனலை நான் பார்க்கிறேன். 24 கிலோபிட் போதும். ஒரு பாட்டி தன் மொழியில் கதை சொல்ல, தேயிலைச் சங்கத்தின் இன்றைய பச்சைத் தேயிலை விலையைச் சொல்ல, ஆஸ்பத்திரி முகாம் எங்கே என்று சொல்ல அதற்கு மேல் தேவையில்லை.

அதற்காக விதியில் கேட்க வேண்டியவை:

1. பொது ஒலிபரப்பு நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறும்போது, மலை நிலையங்களில் ஒரு துணைச்சேனலை வாடகை இல்லாமல் வட்டார மொழிகளுக்கு ஒதுக்க வேண்டும். ஏலத்தில் விட்டால் படுகும் இருளமும் ஒருநாளும் ஜெயிக்காது.

2. மற்றவற்றை வாடகைக்கு விடுவதென்றால், எந்த மதமானாலும் வெளிப்படையான ஒரே கட்டணம், ஒரே நிபந்தனை. பணம் கொடுப்பவர் யார் என்று நேயருக்கு ஒலியிலேயே சொல்ல வேண்டும். இப்போதைய முழுத் தடையை நீக்குவதா என்பது தனி விவாதம். நீக்கினால் கண்ணாடிபோல நடக்க வேண்டும்.

3. தனியாரின் துணைச்சேனல்களுக்கும் இது பொருந்த வேண்டும். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 எஃப்.எம். சேனல்களை ஏலம் விட ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலில் குன்னூரும் இருக்கிறது, 3 சேனல்களோடு. இன்று அனலாக்காக விற்கப்படும் உரிமம் நாளை டிஜிட்டலுக்கு மாறும்போது மூன்று பன்னிரண்டாகலாம். அந்தக் கூடுதல் இடத்துக்கான நிபந்தனையை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

4. பெட்டி. டிஜிட்டல் ரேடியோ இன்று பெரும்பாலும் புதுக் கார்களில் இருக்கிறது. பணியர் குடியிருப்பில் கார் இல்லை. கைக்கு அடங்கிய விலையில் பெட்டியோ, வானொலிச் சில்லு உள்ள கைபேசியோ வராமல் மொழிச் சேனல் மட்டும் வந்தால், கேட்க ஆளில்லை என்று இரண்டே வருடத்தில் மூடிவிடுவார்கள்.

மழை இரவில் சுவிட்ச் யார் கையில்

2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. அப்படிப்பட்ட இரவில் மின்சாரம் போகும், கைபேசிக் கோபுரம் படுக்கும், இணையத்தில் ஓடும் எந்த வானொலியும் உதவாது. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஓடும்.

டி.ஆர்.எம். முறையில் அவசர எச்சரிக்கைக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. பெட்டி எந்தச் சேனலில் இருந்தாலும், எச்சரிக்கை வந்ததும் தானாகவே அந்த அறிவிப்புக்கு மாறும். பஜனை கேட்பவருக்கும் சினிமாப் பாட்டு கேட்பவருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். ஆனால் துணைச்சேனல் வாடகையில் இருக்கிறது, அதன் ஒலி வேறொரு ஊரின் ஸ்டூடியோவிலிருந்து இணையம் வழியாக வருகிறது, இரவு ஷிஃப்டில் ஆளே இல்லை என்றால் எச்சரிக்கையை நுழைப்பது யார்? ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்க வேண்டும்: மலை நிலையத்தில் இருக்கும் பணியாளர் வாடகைதாரரைக் கேட்காமலே எல்லாச் சேனலையும் வெட்டி அறிவிப்பை ஓட்டலாம், அந்த அறிவிப்பு அந்தந்தச் சேனலின் மொழியிலும் முன்பே பதிவு செய்து கையில் இருக்க வேண்டும். "ஆற்றோரம் இருப்பவர்கள் மேட்டுக்கு வாருங்கள்" என்ற ஒரு வாக்கியத்தைப் படுகிலும் இருளத்திலும் பணியர் பேச்சிலும் பதிவு செய்து வைக்க ஒரு பிற்பகல் போதும். அதற்கு டிஜிட்டல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.